ஓரத்துச் சத்தம்

முதலில் கெடுத்தவன் தவமணி. இதில் சீனிச்சாமிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தான்: மலைப்பாதைக்குப் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அது சரிந்த பிறகு ‘குடிச்சிருந்தியா’ என்று கேட்ட லாரி ஓனர், நல்ல பல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொத்தைப் பல்லை வாயிலேயே விட்டுவைத்த டாக்டர், துக்கவீட்டில் அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய், அடுத்த வாரம் அதே செருப்போடு போடி கடைவீதியில் எதிரே வந்து ‘என்ன சகலை, சௌக்கியமா’ என்று கேட்ட, மனைவி ஒச்சம்மாளின் தங்கை புருஷன். காலையில் பல் விளக்கும்போது இவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். யாரையும் அவர் கூப்பிடுவதில்லை. முதலில் தவமணி வருவான், மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வருவார்கள், அவர் வாய் கொப்பளித்துத் துப்புவார். இன்று மத்தியானம் அந்த வரிசையின் கடைசியில் ஒரு ஓட்டை வந்து நின்றது. கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில், சுண்டுவிரல் நகம்கூட நுழையாத வட்ட ஓட்டை. மகன் சதீஷ் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது பழைய பெட்டி என்று விட்டுப்போனது. ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஹெட்போனை வைத்துவிட்டுப் போனான். பழைய பாட்டுக் கேட்க அது போதும் என்றான். இந்த ஒரு வருஷமாக அது போதுமானதாகத்தான் இருந்தது. எது கேட்க வேண்டுமோ அது வந்த நாளில் அந்த ஓட்டை செத்துப்போயிருந்தது. ஹெட்போனின் முள்ளைக் குத்தினார், கிளிக் என்றது, திரையில் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது, பாட்டுப் போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், காதில் மட்டும் பாழுங்கிணற்று மௌனம். முள்ளை உருவினார். வேட்டி முனையால் துடைத்தார். மறுபடி குத்தினார். ஒன்றுமில்லை. தனக்கு வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்கிற பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் ஒரே ஜாதகம் போல என்று நினைத்தார்.

காலையில் பூங்கோதை வந்திருந்தாள். தவமணியின் மகள், அவருடைய செத்துப்போன அக்கா பஞ்சவர்ணத்தின் ஒரே பெண். கம்பத்திலிருந்து பஸ்ஸேறித் தனியாக வந்து, வாசலில் நின்றபடியே, ‘மாமா, உள்ள வரலாமா’ என்று கேட்டாள். அப்படிக் கேட்டது அவருக்குப் பிடித்தது, பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை சடங்கு. ‘எனக்குக் கூடப் பிறந்தவன்னு யாருமில்லை மாமா. எம்பிள்ளைக்கு மாமன் முறைக்கு யார் நிப்பா? நீங்க வந்து நின்னாத்தான் சபையில எனக்கு மரியாதை.’ அதற்கு அவர், ‘உன் காதுகுத்துக்கு ஒருத்தன் வந்து நின்னானே, ராசாங்கம், அவனைக் கூப்பிடு. மடி காலியாத்தான் இருக்கும்’ என்றார். ஒச்சம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். பூங்கோதை அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள். ‘அப்பாவோட பழைய டேப் மாமா. என் காதுகுத்து அன்னைக்குப் பிடிச்சது. ஸ்டூடியோவுல குடுத்து மாத்தி வாங்கினேன். அதுல அப்பா உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாரு. மூணு தடவை கூப்பிடுறாரு. நீங்களே கேளுங்க.’ ‘கூப்பிடலை’ என்றார் சீனிச்சாமி. ‘கேளுங்க மாமா.’ ‘அவன் என்னைக் கூப்பிட்டிருந்தா நான் ஏம்மா திரும்பி வர்றேன்? சீர்த்தட்டைத் தூக்கிட்டு வந்த வழியே போறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?’ அவள் காப்பியைக் குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், புறப்பட்டாள். படியிறங்கும்போது அவர்தான் சொன்னார், யாரும் கேட்காமல், வாய் சும்மா இருக்காமல்: ‘என் பேரு அதுல இருந்துச்சுன்னா வர்றேன். வந்து மாமன் முறைக்கு நிக்கிறேன். இல்லைன்னா, உங்கப்பன் செத்தாலும் என்னைத் தேடாதீங்க.’ சொன்ன வார்த்தை. முப்பத்தைந்து வருஷத்துக்குக் கிட்ட அவர் காப்பாற்றிவந்ததெல்லாம் சொன்ன வார்த்தையைத்தான், வேறு சொத்து அவருக்குக் கிடையாது.

முள்ளைத் திருகினால் சில சமயம் பிடிக்கும் என்று சதீஷ் ஒருமுறை செய்து பார்த்த ஞாபகம். இடப்பக்கம் திருகினார், வலப்பக்கம் திருகினார், லாரிச் சாவியைத் திருகுகிற கை, கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டது. சாவித் துவாரத்தில் மழைத்தண்ணீர் இறங்கிய வண்டிகளை இந்தக் கையால் எத்தனை கிளப்பியிருக்கிறார். அது இரும்பு, அடித்தால் பதில் சொல்லும். இது ஒன்றும் சொல்லாது, திரையின் மூலையில் இங்கிலீஷில் என்னவோ எழுதிக் காட்டிவிட்டு அவர் படிப்பதற்குள் மறைந்துவிடும், படிக்கத் தெரிந்தவன் மாதிரி அவரும் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாம் வகுப்போடு சரி. பக்கத்து அறையில் ஒச்சம்மாள் படுத்திருந்தாள், மின்விசிறிச் சத்தம் அவள் மூச்சோடு சேர்ந்து வந்தது. அவள் எழுவதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும். இந்த வீட்டில் தவமணி பேரை எடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தடை போட்டவர் அவர், அவரே அவன் குரலைத் தேடி ஓட்டையைக் குடைந்துகொண்டிருப்பதை அவள் பார்க்கக்கூடாது. ஊதினார். உள்ளே தூசி இருக்கும். ஊதின காற்று முகத்துக்கே திரும்பி வந்தது, வெந்நீர் அடுப்பு ஊதின மாதிரி, அல்ல, அந்த அனல் மாதிரி, அன்றைக்குக் கம்பத்தில் சமுதாயக்கூடத்து வாசலில் அடித்த ஆவணி மாசத்து அனல். அதற்குள் போய்விட்டார். போகக்கூடாது என்று நினைத்தால்தான் அந்த வாசல் திறந்துகொள்ளும். சீர் கொண்டுவரும் தாய்மாமன் தானாக உள்ளே நுழையமாட்டான், நுழைந்தால் அது சீரல்ல, சோற்றுக்கு வந்தது. வாசலில் மேளத்தோடு நிற்க வேண்டும். பிள்ளையைப் பெற்றவன் எழுந்து வந்து, சந்தனம் பூசி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். அப்புறம் மாமன் சம்மணம் போட்டு உட்கார, அவன் மடியில் பிள்ளையை வைத்து ஆசாரி காது குத்துவார். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் இதைத் தெரியாதவன் எவனும் இல்லை, தவமணிக்கும் தெரியும். சீனிச்சாமி நின்றார். பட்டுப்பாவாடைத் தட்டு ஒச்சம்மாள் தலையில், தோடு அவர் சட்டைப்பைக்குள், கயிற்றைப் பிடித்து இழுக்கிற கிடா ஒரு பக்கம், வாழைத்தாரைத் தூக்கினவன் தோளை மாற்றி மாற்றி ஒரு பக்கம். மேளம் அடித்தது, அடித்தது, உள்ளே மைக் என்னவோ இரைந்தது அந்தச் சத்தத்தில் விளங்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி போனார்கள், இரண்டாவதுதான் தாங்க முடியவில்லை. ஒருத்தரும் வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டது. காது குத்தியாகிவிட்டது. யார் மடியில் என்று வெளியே வந்த ஒருத்தன் சொன்னான்: ராசாங்கம், பஸ் ஓட்டுகிறவன் இல்லை, பஸ் வைத்திருக்கிறவன், பஞ்சவர்ணத்துக்குச் சித்தப்பா மகன். லாரி டிரைவர் மடியைவிட பஸ் முதலாளி மடி மெத்தென்று இருக்கும் போல. திரும்பு என்று மேளக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதி அடியோடு நடந்தார்கள்.

எரிச்சலில் முள்ளைப் பிடுங்க இழுத்தார், முழுக்க வரவில்லை, ஒரு நூல் அளவு வெளியே வந்து சிக்கி நின்றது. அப்போது காதுக்குள் உலகம் திறந்தது. இரைச்சல். ஜனங்கள். யாரோ பாத்திரத்தை இழுக்கிறார்கள், ஒரு பெண் தூரத்தில் சிரிக்கிறாள், ஒரு பிள்ளை சிணுங்குகிறது. விரலை எடுத்தால் போய்விடுமோ என்று முள்ளைப் பிடித்தபடியே குனிந்து அசையாமல் இருந்தார். மைக்கில் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்தது, ஆனால் பேச்சு இல்லை, பேச்சுக்குப் பின்னால் சுவரில் மோதித் திரும்புகிற ஏதோ ஒரு நிழல் மட்டும், கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி, அதிலும் கூப்பிடுகிறவனின் வாயைப் பொத்திவிட்ட மாதிரி. மற்றதெல்லாம் கேட்டது, அவன் மட்டும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு ஓரத்தில், மேளம். முதலில் அதை அவர் கவனிக்கவில்லை. கவனித்ததும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். உள்ளே மேளம் வைக்கவில்லை தவமணி, குழாய்ப் பாட்டுத்தான். இது வெளி மேளம். ஒரு தவுலின் தோல் அடித்து அடித்துத் தொய்ந்து தொப்புத் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்தது, அதைச் சூடுகாட்டி முறுக்க நேரமில்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அன்றைக்கு அவர்தான் தடுத்தார். அந்தத் தொய்ந்த அடி. அவருடைய மேளம். அவர் வாசலில் நின்றது இந்த டேப்பில் பதிந்திருக்கிறது.

சதீஷுக்குப் போன் போட்டார். ‘வேலையில இருக்கேன்ப்பா, என்ன?’ என்றான், மகன்கள் எப்போதும் சொல்வதை. ‘இந்த ஹெட்போன்ல எல்லாம் கேக்குது, பேசுறவன் மட்டும் கேக்கலை.’ ‘எந்தப் படம்?’ ‘படம் இல்லைடா. ஒரு ஆளு பேசுறது. சுத்தி இருக்கிற சத்தம் வருது, அந்த ஆளு வரலை.’ ‘முள்ளை முழுசாக் குத்துனீங்களா?’ ‘முழுசாக் குத்துனா ஒண்ணுமே வரலை.’ அவன் சிரித்தான். ‘அது முன்னாடி ஜாக் போயிருச்சுப்பா. உள்ள ஒரு தகடு தொடலை. நடுவுல நின்னு பேசுற ஆளு சத்தம் ரெண்டு பக்கமும் சரிசமமா பதிஞ்சிருக்கும். தகடு தொடலைன்னா அது ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டுச் செத்துரும். ஓரத்துல நிக்கிறவன் சத்தம்தான் மிஞ்சும்.’ சீனிச்சாமி முள்ளைப் பார்த்தார். ‘அப்பா? இருக்கீங்களா? பெட்டிக்குப் பின்னாடி மூணு ஓட்டை இருக்கும், பச்சை, ரோஸ், நீலம். பச்சையில குத்துங்க. ரோஸ்ல குத்தாதீங்க. யாரு பேசுறது, எதுக்குக் கேக்குறீங்க?’ ‘சும்மாதான்’ என்று வைத்துவிட்டார்.

ஓரத்தில் நிற்கிறவன் சத்தம்தான் மிஞ்சும். இதைச் சொல்ல ஓசூரில் உட்கார்ந்திருக்கிற பையன் வேண்டியிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்தார். பெட்டியை இழுக்க எழவேண்டும், எழவில்லை. ஒன்று யோசித்துப் பார்த்தார். பூங்கோதை சாயங்காலம் போன் பண்ணுவாள். ‘கேட்டேம்மா, ரெண்டு காதுலயும் மாட்டிக் கேட்டேன், உங்கப்பன் குரலே அதுல இல்லை’ என்று சொல்லலாம். அதில் பொய் எங்கே இருக்கிறது? கேட்டார், இல்லை. அதற்குமேல் பெட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் வார்த்தை கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும், போகும், இந்த வீட்டில் எல்லாம் இருந்தபடியே இருக்கும். இருக்கிறபடி இருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது, பழகின வலி மாதிரி, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறையும் என்று தெரிந்த வலி. பேர் இருந்துவிட்டால்? அவன் கூப்பிட்டிருந்தால்? அப்படியென்றால் முப்பத்தைந்து வருஷம் எதன்மேல் உட்கார்ந்திருந்தார்? அக்கா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு போய், தெரு முனையிலேயே நின்று, இன்னொருத்தன் கையில் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பினாரே, முகத்தைக்கூடப் பார்க்காமல். அவள் பேரும் காலையில் வந்து நிற்கிற அந்த வரிசையில் இருந்தது, தவமணிக்கு அடுத்தபடியாக. என்னதான் புருஷன் என்றாலும், கூடப் பிறந்தவன் வாசலில் காய்கிறான் என்று தெரிந்தும் மேடையைவிட்டு எழுந்து வராமல் இருந்தாளே. அதைத்தான் அவரால் செரிக்க முடிந்ததில்லை. தவமணி அசலான், வேற்று ரத்தம், அவன் அப்படித்தான். இவள்? வயிற்றில் புளித்த ஏப்பம் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட மொச்சை. வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம். கை ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தது. வைத்த பிறகும் அது மெல்லிசாக ஒலித்துக்கொண்டிருந்தது, எறும்பு மேளம் அடிக்கிற மாதிரி, தொப்பு, தொப்பு. பொய்யின்மேல் நிற்கிற பகைக்குப் பேர் பகையில்லை, பொறாமை. ராசாங்கத்தின் பஸ்ஸைப் பார்த்து வயிறெரிகிறவன் என்று ஊர் பேசினதே, அது உண்மையாகிவிடும். எழுந்தார்.

பெட்டி மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டியிருந்தது. முழங்காலை ஊன்றினார், முழங்கால் கெட்ட வார்த்தை சொன்னது. இழுத்தார், பின்பக்கம் ஒட்டடை, பல்லி முட்டை ஓடு, சதீஷ் தொலைத்துவிட்டதாகச் சொன்ன பேனா மூடி. ஓட்டைகள் மூன்றும் தூசியில் ஒரே நிறமாக இருந்தன. கண்ணாடியை எடுத்துவர மறுபடி எழ வேண்டுமே என்று, விரலால் தடவி, முதலில் அகப்பட்டதில் குத்தினார். கேட்கவில்லை. பக்கத்தில் குத்தினார். கேட்கவில்லை. பிறகுதான் உறைத்தது, டேப்பே ஓடி முடிந்திருக்கும். ஹெட்போனின் ஒயர் பின்பக்கத்திலிருந்து மேசைமேல் வரை எட்டாது. காதில் மாட்டினால் தலை மேசைக்கடியில், தலையை வெளியே எடுத்தால் பொத்தான் எட்டும் ஆனால் காதில் ஹெட்போன் இருக்காது. நாலு காலில் நின்றபடி இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ‘என்னத்தை நோண்டுறீங்க அங்கன?’ ஒச்சம்மாள். ‘ஒண்ணுமில்லை.’ ‘ஒண்ணுமில்லாததுக்கா தலையைக் கொண்டுபோய் மேசைக்குள்ள விட்டிருக்கீங்க?’ அவர் முள்ளைக் கைக்குள் மறைத்தார். ‘பூங்கோதை குடுத்துட்டுப் போனதுதானே? நான் அடுப்படியிலதான் இருந்தேன், செவிட்டூர்ல இல்லை.’ அவர் ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயசில் பொண்டாட்டியிடம் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அவள் கண்ணாடியைக் கொண்டுவந்து மேசைக்கடியில் நீட்டினாள். முந்தானையால் பெட்டியின் முதுகைத் துடைத்தாள். ‘பச்சை எதுடி?’ ‘இந்தா, கடைசியில இருக்கிறது.’ குத்தினார். ‘எந்தப் பொத்தானை அமுக்கணும்?’ என்று கேட்டாள். ‘நீளமா ஒண்ணு கீழ கிடக்கும் பாரு.’ ‘அமுக்கட்டுமா?’ அவளும் அன்றைக்குத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவள். கழுத்து வலிக்கிறது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ‘அமுக்கு’ என்றார்.

இரண்டு காதிலும் சத்தம் வந்து விழுந்தது. இந்தத் தடவை நடுவில் ஆள் இருந்தான். தவமணியின் குரல், வெற்றிலை போட்ட வாய், முப்பத்தைந்து வருஷம் குறைந்த குரல், அவர் மடியில் மூச்சுவிடுகிற மாதிரி பக்கத்தில். ‘மாமன் முறைக்கு நம்ம மாப்ளே சீனிச்சாமி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.’ இருந்தது. அவர் பேர் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். எங்கிருந்தாலும் என்கிறான், திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. ஓரத்தில் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டான், அதே வார்த்தை. பிறகு மைக்கைக் கையால் மூடின மாதிரி ஒரு கரகரப்பு, சரியாக மூடவில்லை, அல்லது டேப் மைக்கை நம்பவில்லை, பக்கத்திலிருந்து தானாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல், தாழ்ந்த குரல்: ‘எந்திரிச்சுப் போங்களேன். மேளம் கேக்குதுல்ல? தம்பி வாசல்ல நிக்கிறான்.’ அக்கா. பஞ்சவர்ணம். குரலில் சளி கட்டியிருந்தது, அவளுக்கு எப்போதும் ஆவணியில் சளி பிடிக்கும். மேசைக்கடியில் இருட்டில் அவர் வாய் திறந்திருந்தது. தவமணி சொன்னான்: ‘கேக்குது, கேக்குது. அவனுக்கும் மைக்கு கேக்கும். கால் இருக்குல்ல, வரட்டும்.’ ‘அது முறையில்லைங்க. நீங்க போகலைன்னா நான் போறேன்.’ ‘பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காருடி பேசாம. சபையில எந்திரிச்சேன்னா நடக்கிறது வேற.’ அப்புறம் ஒன்றுமில்லை, மேளம், பாத்திரம், பிள்ளைச் சிணுங்கல். மூன்றாவது தடவை கூப்பிட்டான், அதில் மாப்ளே இல்லை, வெறும் சீனிச்சாமி. ‘ராசாங்கம், நீ வாப்பா, நேரமாகுது.’ ஜரிகை உரசுகிற சத்தம். ஆசாரி என்னவோ முணுமுணுத்தார். பிள்ளை வீறிட்டது. வெளியே தொய்ந்த தவுல் அதற்குப் பிறகும் கொஞ்சநேரம் அடித்தது, அடிக்கிறவனுக்கு யார் சொல்வது, முடிந்துவிட்டது என்று.

எழுவதற்கு ஒச்சம்மாள் தோளைப் பிடித்தாள். ‘இருந்துச்சா?’ என்று கேட்டாள். ‘இருந்துச்சு.’ அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ‘அக்காவும் இருந்துச்சு’ என்றார். அவள் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, அவர் இருந்த இடத்தில் குந்தினாள். அவர் பொத்தானை அமுக்கினார். அவள் கேட்கிற முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் மல்லி காயப் போட்டிருந்தார்கள், ஒரு காக்கை அதில் நடந்துகொண்டிருந்தது. ஓரக்கண்ணில் அவள் சேலை, அழுகிறவள் சேலை மாதிரி அசைந்தது. அவருக்குள் என்னவோ அளவு மாறிக்கொண்டிருந்தது. பேர் இருந்தது, எனவே தோற்றார். மேளம் கேட்கிறது என்று அவன் வாயாலேயே சொன்னான், எனவே ஜெயித்தார். தோற்றதும் ஜெயித்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சாகவில்லை, இரண்டும் இருந்தன. அக்காவை வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். எங்கே வைப்பது? செத்தவளை எங்கே வைப்பது? தெரு முனையில் நின்று சேலையைக் கொடுத்தனுப்பினானே தம்பி என்று அவள் நினைக்க அப்போது அவளிடம் நினைப்பே இல்லை, அதையும் ஒரு ஆறுதல் என்று சொல்ல முடியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு பூங்கோதை போன் பண்ணினாள். ‘மாமா, கேட்டீங்களா?’ ‘கேட்டேன்.’ ‘அம்மா பேசினது கேட்டுச்சா?’ ‘கேட்டுச்சு தாயி’ என்றார் சீனிச்சாமி. ‘அதுக்குத்தான் மாமா குடுத்தேன். அப்பா கூப்பிட்டதுக்காக இல்லை.’ அவள் மூக்கை உறிஞ்சினாள். ‘வருவீங்கல்ல?’ ‘வர்றேன். சொன்னா சொன்னதுதான். மேளத்தோட வர்றேன், சீரோட வர்றேன். ஆனா வாசல்லதான் நிப்பேன். உங்கப்பன் எந்திரிச்சு வந்து கையைப் பிடிக்கணும்.’ ‘மாமா, அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருச்சு. சுவரைப் பிடிச்சிட்டுத்தான் நடக்கிறாரு. நாற்காலியில உக்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டு வரட்டுமா?’ ‘நாலு பேரு தூக்கிட்டு வந்தா அந்த நாலு பேரு வந்ததாத்தான் அர்த்தம்.’ ‘எவ்வளவு நேரம் நிப்பீங்க மாமா? உங்களுக்கும் முழங்கால் வலின்னு அத்தை சொன்னாங்களே.’ ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார், அவள் எப்போது இதையெல்லாம் சொன்னாள், இந்த வீட்டில் பேசக்கூடாது என்றால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசியிருப்பாள். ‘நிப்பேன்’ என்றார். அப்போது அங்கே போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. ‘குடு, குடு’ என்று ஒரு கிழக்குரல். பிறகு மூச்சு. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு, ஒரு பக்கம் கோணின வாயிலிருந்து வருகிறது என்று கேட்கும்போதே தெரிந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவனிடமிருந்து முதல் மூச்சு. சீனிச்சாமி எழுந்து நின்றார், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல். அவன் மாப்ளே என்பானா, சீனி என்பானா, தப்புத்தான் என்று ஒரு சொல், பாதிச் சொல், விழுந்த வாயிலிருந்து எது வந்தாலும் எடுத்துக்கொள்ளக் காது திறந்திருந்தது. ‘மாப்ளே’ என்றான் தவமணி. நாக்குப் புரளவில்லை. கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி: ‘வாசல்ல வெயிலா இருக்குமே.’

சீனிச்சாமி காத்திருந்தார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். மூச்சுத்தான் வந்தது.

‘அன்னைக்கும் வெயில்தான் மச்சான்’ என்றார்.

அந்தப் பக்கம் யாரும் போனை வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை.